பத்துப் பேராக ஹிரோஷிமா: செத்தோ உள்கடல் பக்கம் குழுவாகச் சுற்ற ஒரு வழிகாட்டி

பத்துப் பேர் சேர்ந்து போகும் பயணத்தில், பத்துப் பேரும் காலை முதல் இரவு வரை ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று நினைப்பதில்தான் முக்கால்வாசிச் சண்டை தொடங்குகிறது. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, பையன்களுக்கு சைக்கிள் ஆசை, சித்திக்கு அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வர மனமில்லை. இவர்கள் காலையில் பிரிந்துபோய் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்று சேர முடிகிற ஊர்தான் குழுப் பயணத்துக்குத் தோதான ஊர்.

ஜப்பானில் அப்படி ஒரு பகுதியைச் சொல்லச் சொன்னால் ஹிரோஷிமாவையும் அதை ஒட்டிய செத்தோ உள்கடல் கரையையும் சொல்வேன். ஹொன்ஷு, ஷிகோக்கு, கியூஷு என்ற மூன்று பெரிய தீவுகளுக்கு நடுவே அலை அதிகமில்லாமல் கிடக்கும் கடல் அது. உள்ளே நூற்றுக்கணக்கான சின்னத் தீவுகள், அவற்றுக்கு இடையே பாலங்கள், ஃபெர்ரிகள். ஒரே இடத்துக்குப் போக இரண்டு மூன்று வழிகள் இருப்பதால் மிதிக்கிறவர்கள் மிதிக்கலாம், மற்றவர்கள் படகில் உட்கார்ந்து போகலாம்.

முதலில் தேதி, அப்புறம் டிக்கெட்

குழுவாகப் போகும்போது தேதியைத் தவறாகப் பிடித்துவிட்டால் எந்தத் திட்டமும் காப்பாற்றாது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியருக்குத் தொடர் விடுமுறை. ஆகஸ்ட் நடுவில் முன்னோர் வழிபாட்டுக்காக ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும். இந்த இரண்டு சமயங்களிலும் பத்துப் பேருக்குச் சேர்ந்தாற்போல் ரயில் இருக்கை கிடைப்பது கஷ்டம். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நினைவு நாள், விடுதிகள் நிரம்பிவிடும். ஜூன் தொடங்கி ஜூலை நடு வரை மழைக்காலம். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தில் செர்ரி பூக்கும்; நவம்பர் நடுவிலிருந்து மேப்பிள் இலை சிவக்கும். இரண்டுமே அழகுதான், கூட்டமும் அதே அளவுக்கு. என்னைக் கேட்டால் குழுவுக்கு மே நடுப்பகுதியோ அக்டோபரோ போதும். சைக்கிள் மிதிக்கவும் இதமாக இருக்கும், அறை விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு வேண்டாம். கலவையான குழுவாக இருந்தால் விசா தேவைப்படுகிறவர்களின் கையில் அது வந்து சேரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத எதையும் பதிவு செய்ய வேண்டாம்.

தங்குவது ஒரே ஊரில்

ஒவ்வொரு இரவும் ஒரு விடுதி மாறினால் காலைப் பொழுது முழுக்கப் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். ஹிரோஷிமா நகரில் மூன்று நான்கு இரவுகள் தங்கிக்கொண்டு தீவுகளுக்குப் பகலில் போய்வருவதே நல்லது. நகரத்து விடுதி அறைகள் சிறியவை, பெரும்பாலும் இரண்டு பேருக்கானவை. ஒரு இரவு மட்டும் மியாஜிமா தீவிலோ வேறு எங்கோ ரியோகான் என்கிற ஜப்பானியப் பாணி விடுதியில் தங்கிப் பாருங்கள். பாய் விரித்த ஒரே அறையில் நான்கைந்து பேர் வரிசையாகப் படுக்கலாம். குடும்பங்களுக்குப் பேச்சும் சிரிப்புமாக அதுவே பெரிய நினைவாகிவிடும். அங்குள்ள பொதுக் குளியலறையில் ஆண்கள், பெண்கள் தனித்தனியாகத்தான் குளிக்க வேண்டும், அதுவும் உடையில்லாமல். கூச்சமாக இருந்தால் குடும்பத்துக்கென்று நேரம் ஒதுக்கித் தரும் தனிக் குளியலறை இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். அப்படிப்பட்ட குளியலறைக்கு 'கஷிகிரி' என்று பெயர்.

ரயில், பெட்டி, வண்டி

ஒசாகாவின் ஷின்-ஒசாகா நிலையத்திலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஷிங்கன்சென் என்ற அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். டோக்கியோவிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதனால் ஒசாகா விமான நிலையத்தில் இறங்குவது மேல். ஒசாகா, கியோட்டோவையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் கன்சாய்-ஹிரோஷிமா ரயில் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து நாளுக்கு 17,000 யென், அது 2023 அக்டோபர் விலை உயர்வுக்குப் பிறகு வந்த விலை. ஷின்-ஒசாகாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் இடையே ஷிங்கன்செனில் போகலாம், மியாஜிமாவுக்கு ஓடும், ஜேஆர் என்ற ரயில் நிறுவனத்தின் ஃபெர்ரியும் இதில் அடக்கம். போய்வரும் டிக்கெட்டைத் தனியாக எடுத்தாலே இதைவிடக் கூடுதலாகிவிடும். நாடு முழுக்கச் செல்லும் ஏழு நாள் பாஸ் 50,000 யென். இந்தப் பயணத்துக்கு அது வீண்.

ஷிங்கன்சென் இருக்கைகளை அடியிலுள்ள மிதியை அழுத்தித் திருப்பிக்கொள்ள முடியும். மூன்று பேர் வரிசையைத் திருப்பினால் ஆறு பேர் எதிரெதிரே உட்காரலாம். அதற்கேற்ப அடுத்தடுத்த வரிசைகளில் இருக்கை கேட்டு வாங்குங்கள். குரலை மட்டும் கொஞ்சம் அடக்க வேண்டும். அந்த ரயிலில் போனில் பேசுகிறவர்கூட எழுந்து கதவுப் பக்கம் போய்விடுவார். நம் குழு ஒரு பெட்டியில் ஏறினால் ஏறியது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நீள, அகல, உயரத்தைக் கூட்டினால் 160 செ.மீ.க்கு மேல் வரும் பெட்டியை இந்த ரயிலில் கொண்டுபோக, அதற்கென்றே உள்ள கடைசி வரிசை இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்டணம். அந்த இருக்கைகளோ கொஞ்சம்தான், பத்துப் பேருக்குக் கிடைக்காது. அதனால் பெரிய பெட்டிகளை விடுதியிலிருந்து விடுதிக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள். தக்யூபின் என்று வரவேற்பறையில் சொன்னால் போதும், பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு இரவுக்கான துணியைத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொஞ்சம் செலவாகும்தான், ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் செலவுகளிலேயே இதுதான் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தக்கது.

நகருக்குள் டிராமில் சுற்றலாம். 1912 முதல் ஓடுகிறது. முன்பணம் போட்டுவைத்துப் பயன்படுத்தும் இக்கோக்கா பயண அட்டையை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டால் சில்லறை தேட வேண்டாம். ஒருவர் அட்டையை வைத்துப் பத்துப் பேர் ஏறும் ஏற்பாடெல்லாம் நேரத்தைத்தான் தின்னும். வண்டி ஓட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்தியா, இலங்கை இரண்டுமே 1949 ஜெனீவா உடன்படிக்கையில் இருப்பதால் அங்கே எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் செல்லும். சாலையும் நம்மைப் போலவே இடப்பக்கம். ஓட்டுநரோடு சேர்த்துப் பத்துப் பேர் ஏறும் வேன்வரை சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம். ஆனால் நகருக்குள் அது தேவையில்லை, நிறுத்த இடம் தேடியே சலித்துப்போகும்.

முதல் நாள்: நகரம்

அமைதிப் பூங்காவை முதல் நாள் காலையிலேயே வைத்துவிடுங்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15க்கு அணுகுண்டு வெடித்த இடத்துக்கு மிக அருகில், சுவரும் இரும்புக் கூண்டுமாக நிற்கும் குவிமாடக் கட்டடம் 1915இல் யான் லெட்சல் என்ற செக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆற்றங்கரையில் நடந்து பாலத்தைக் கடந்தால் சடாகோ சசாகியின் நினைவாக 1958இல் எழுப்பிய சிறுவர் நினைவுச்சின்னம். குண்டு விழுந்தபோது இரண்டு வயதுக் குழந்தை சடாகோ. ரத்தப் புற்றுநோய் வந்து 12 வயதில் இறந்தாள். மருத்துவமனையில் காகிதக் கொக்கு மடித்துக்கொண்டிருந்த அவளுக்காக இன்றும் உலகெங்கிலுமிருந்து கொக்குச் சரங்கள் வந்தபடி இருக்கின்றன. உங்கள் குழுவும் கொண்டுபோகலாம். கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் பிள்ளைகளை மடிக்கச் சொன்னால் அங்கே எதைப் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடும்.

பூங்காவுக்குள் இருக்கும் அணுகுண்டு நினைவு அருங்காட்சியகத்தின் கட்டணம் பெரியவர்களுக்கு 200 யென். காலையிலும் மாலையிலும் சில நேரங்களுக்கு இணையத்தில் முன்பதிவு உண்டு, குழுவாகப் போகிறவர்கள் அதை விட வேண்டாம். உள்ளே இருப்பவை எரிந்த பள்ளிச் சீருடைகள், உருகிய சாப்பாட்டுப் பெட்டி, காயம்பட்டவர்களின் படங்கள். சின்னப் பிள்ளைகளை அழைத்துப்போவதா என்பதை வாசலில் வைத்து விவாதிக்காமல் முந்தின இரவே பேசி முடிவெடுங்கள். ஒரு பெரியவர் பிள்ளைகளோடு பூங்காவில் இருந்துவிட்டு, பிறகு ஆள் மாற்றிக்கொள்ளலாம். தன்னார்வ வழிகாட்டிகள் பூங்காவை இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறார்கள். குழுக்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் குண்டுவீச்சின் நினைவுகளைக் கேட்கும் நிகழ்ச்சிக்கும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பூங்காவை ஒட்டிய ஆற்றங்கரையில் 2023 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த காந்தி மார்பளவுச் சிலையும் இருக்கிறது. நம் ஆட்கள் பலர் தெரியாமலே தாண்டிப் போகிறார்கள்.

அருங்காட்சியகத்திலிருந்து நேராக இன்னோர் இடத்துக்கு ஓடாதீர்கள். யாருக்கும் உற்சாகம் இருக்காது. மதியம் ஓய்வு, மாலையில் ஒகோனோமியாகி. கல்லில் மெல்லிய மாவு ஊற்றி, அதன்மேல் மலைபோல் முட்டைக்கோஸ், பன்றி இறைச்சி, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்கி, இனிப்புப் புளிப்பான சாஸ் தடவித் தருவது ஹிரோஷிமா பாணி. ஒசாகாவில் எல்லாவற்றையும் மாவோடு கலந்துவிடுவார்கள். இதைப் பற்றி இரண்டு ஊர்க்காரர்களும் ஓயாமல் வாதாடுவார்கள், நாம் தலையிட வேண்டாம். ஒகோனோமிமுரா என்ற கட்டடத்தில் மாடி மாடியாக இந்தக் கடைகள்தான். ஒரு கடையின் கல்லைச் சுற்றிப் பத்துப் பேருக்கு இடம் இருக்காது, பக்கத்துப் பக்கத்துக் கடைகளாகப் பிரிந்து உட்காருங்கள். நீங்களே சுட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஹிரோஷிமா ரயில் நிலையத்திலேயே ஒகோஸ்தா என்ற பயிற்சிக்கூடம் உண்டு, முன்பதிவு வேண்டும்.

மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை போகிறீர்கள் என்றால் ஒரு மாலை பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒதுக்குங்கள். விதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஹிரோஷிமா கார்ப் அணி பணமில்லாமல் மூழ்கவிருந்தபோது, அரிசி மது பீப்பாய்களை வாசலில் வைத்து ஊர்மக்கள் காசு போட்டுக் காப்பாற்றிய அணி. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் 2009இல் திறந்த மைதானம். சாய்ந்து படுத்துப் பார்க்கவும் கூட்டாக உட்கார்ந்து சாப்பிடவும் தனி இடங்கள் உண்டு. சிவப்புச் சட்டைக் கூட்டம் எழுந்து எழுந்து உட்கார்ந்து பாடுவதைப் பார்த்தால் நம் பையன்கள் இரண்டாவது சுற்றிலேயே சேர்ந்துகொள்வார்கள். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் நாள்: மியாஜிமா

ஜேஆர் ரயிலில் மியாஜிமாகுச்சிவரை அரை மணி நேரம், அங்கிருந்து ஃபெர்ரியில் பத்து நிமிடம். டிராமிலும் போகலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தீவுக்குள் நுழைய ஆளுக்கு 100 யென் வரி, 2023 அக்டோபரிலிருந்து. பகல் வேளையில் ஜேஆர் ஃபெர்ரி, கடலில் நிற்கும் பெரிய சிவப்புத் தோரண வாயிலுக்கு அருகே வளைந்து போகும். போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள்.

இங்கே எல்லாமே ஓத நேரத்தை, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பொறுத்தது. நீர் மட்டம் 250 செ.மீ.க்கு மேல் இருந்தால் இத்சுகுஷிமா ஆலயமும் தோரணமும் மிதப்பதுபோல் தெரியும், 100 செ.மீ.க்குக் கீழே இறங்கினால் தோரணத்தின் அடிவரை நடந்துபோய்த் தொட்டுப் பார்க்கலாம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். மியாஜிமா சுற்றுலாச் சங்கம் ஓத அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பார்த்துப் போகும் நாளையே தேர்ந்தெடுத்தால் ஒரே பகலில் இரண்டையும் பார்த்துவிடலாம். இப்போதுள்ள தோரணம் 1875இல் கட்டியது, சுமார் 16 மீட்டர் உயரம். அடியில் ஆழமாகப் புதைக்கவில்லை, தன் எடையிலேயே நிற்கிறது. ஆலயத்துக்கு இன்றைய தோற்றத்தைத் தந்தவர் 12ஆம் நூற்றாண்டில் தைரா நோ கியோமோரி என்ற போர்வீரத் தலைவர். நுழைவு 300 யென்.

ஆலயத்தைப் பார்த்தபின் பிரியுங்கள். கால் வலுவுள்ளவர்கள் ரோப்காரில் மிசென் மலைக்குப் போகட்டும். உச்சி 535 மீட்டர்; ரோப்காரிலிருந்து இறங்கியும் அரை மணி நேரம் ஏற வேண்டும், அதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கூடத்தில் கூகாய் என்ற துறவி ஏற்றியதாகச் சொல்லப்படும் நெருப்பு 1,200 ஆண்டுகளாக எரிகிறது. அமைதிப் பூங்காவின் சுடருக்கும் இங்கிருந்து நெருப்பு போயிருக்கிறது. காற்று பலமாக இருந்தால் ரோப்கார் நிற்கும், கடைசி வண்டி நேரத்தையும் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

மற்றவர்கள் கீழே மெதுவாகச் சுற்றலாம். ஆலயத்தின் வெளிவாசலுக்கு அருகே தைகான்ஜி கோயில். அங்கே வணங்கப்படும் பென்சைதென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான். கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்புக் கருவி. ஜப்பானின் பேர்பெற்ற மூன்று பென்சைதென்களில் ஒன்று இது. கடைத்தெருவில் 7.7 மீட்டர் நீளமுள்ள மரச் சோற்றுக் கரண்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம். படகுத்துறை பக்கமுள்ள பாரம்பரியத் தொழில் கூடத்தில் மோமிஜி மஞ்சு என்ற மேப்பிள் இலை வடிவப் பலகாரத்தை நாமே சுட்டுப் பார்க்கலாம். உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம், மாவில் முட்டை உண்டு. மான்களுக்கு எதையும் கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டாலும் கையிலிருக்கும் வரைபடத்தைக் கடித்து இழுக்கும்.

சாப்பாட்டுப் பிரச்சினை

சைவக்காரர்கள் இருக்கும் குழுவுக்கு ஜப்பானில் இடைஞ்சல் இறைச்சியால் வருவதில்லை, தாஷியால் வருகிறது. உலர்ந்த மீனையும் கடற்பாசியையும் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு அது. காய்கறி என்று எழுதியிருக்கும் சூப்பிலும் இருக்கும், நூடுல்ஸ் குழம்பிலும் இருக்கும். ஒகோனோமியாகியில் பன்றி இறைச்சியை எடுத்துவிடச் சொல்லலாம். ஆனால் மேலே தடவும் வழக்கமான சாஸில் இறைச்சிச் சாறும் சிப்பிச் சாறும் சேர்கின்றன. கண்டிப்பான சைவர்கள் அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். அமைதிப் பூங்காவுக்கு அருகே நகாதாயா என்ற கடையில் சைவத்துக்குத் தனி வகை உண்டு, வரிசை நீளம். நகரில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. தீவுகளில் நம்பாதீர்கள்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகிறவர்களுக்கு: மிளகாய்ப் பொடி போல உலர்ந்தவற்றில் சிக்கல் வருவதில்லை. பச்சைக் கறிவேப்பிலை, காய், பழம் எதற்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் எடுக்கவே வேண்டாம். உப்புக்கண்டம், கறி ஊறுகாய் போன்ற இறைச்சிப் பொருள்களுக்குத் தடை. கன்பீனி என்று சொல்லும் சின்னக் கடைகளில் சுடவைத்துச் சாப்பிடும் வெறும் சோறும் இனிப்பில்லாத தயிரும் கிடைக்கும். ஜப்பானிய அரிசி கொஞ்சம் ஒட்டும், அதனாலேயே தயிர்சாதத்துக்கு அபாரமாகப் பொருந்துகிறது.

அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. ஜப்பானின் சிப்பியில் பாதிக்கு மேல் ஹிரோஷிமாவில் விளைவது. குளிர்காலத்தில் சிப்பிக் குடில்களில் மேசைக்கு நடுவே கரி அடுப்பை வைத்து நாமே சுட்டுச் சாப்பிடலாம். குழுவுக்கென்றே பிறந்த சாப்பாடு. எந்த உணவகமானாலும் பத்துப் பேர் திடீரென்று போய் நின்றால் இடம் கிடைக்காது. முன்பதிவு செய்யுங்கள், அல்லது நான்கு நான்கு பேராகப் போங்கள்.

மூன்றாம் நாள்: சைக்கிள் பாதி, படகு பாதி

துறைமுக ஊரான ஒனோமிச்சியிலிருந்து ஷிகோக்குவின் இமாபாரிவரை ஆறு தீவுகளைப் பாலங்களால் கோத்துச் செல்லும் ஷிமனாமி கைதோ சாலை 1999இல் முழுமையானது. சைக்கிள் பாதை ஏறக்குறைய 70 கி.மீ. சாலையோரம் நீலக் கோடு போட்டிருப்பதால் வழி தவறாது. முழுவதையும் முடிக்க வேண்டும் என்று வீம்பு பிடிக்காதீர்கள். புதியவர்களுக்கு ஒனோமிச்சியிலிருந்து இகுச்சி தீவிலுள்ள செத்தோதாவரை, சுமார் 30 கி.மீ., போதுமானது.

திட்டம் இப்படி: சைக்கிள்காரர்கள் காலையில் வாடகைக்கு எடுத்து, ஒனோமிச்சியிலிருந்து ஃபெர்ரியில் சில நிமிடங்களில் முகாய்ஷிமா தீவுக்குக் கடந்து மிதிக்கத் தொடங்க வேண்டும். பாலத்துக்கு ஏறும் சரிவுப் பாதைகள் சைக்கிளுக்காகவே மெதுவாக ஏறுபவை. மற்றவர்கள் சாவகாசமாகக் காபி குடித்துவிட்டு, ஒனோமிச்சி மலைச்சரிவின் கோயில்களையும் பூனைகள் திரியும் குறுகிய சந்துப் பாதையையும் பார்த்துவிட்டு, செத்தோதா படகில் ஏறினால் நாற்பது நிமிடம். செத்தோதாவில் கோசான்ஜி கோயில் இருக்கிறது. ஒரு தொழிலதிபர் தாயின் நினைவாகக் கட்டத் தொடங்கிய வண்ணமயமான கோயில். பின்னால் இத்தாலியின் கராரா பளிங்கில் இழைத்த வெள்ளைக் குன்று. வெயில் நாளில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஏற முடியாது. சைக்கிள்காரர்கள் வந்து சேர்ந்ததும் எல்லோரும் எலுமிச்சை ஐஸ்கிரீம் சாப்பிடலாம், அந்தத் தீவே எலுமிச்சைக்குப் பேர்போனது.

திரும்பும்போது எல்லோரும் படகில். சைக்கிளைப் படகில் ஏற்றலாம், ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. சாதாரண சைக்கிளைச் செத்தோதாவிலேயே ஒப்படைக்கவும் வழி இருக்கிறது. மின்சார உதவி சைக்கிளை எடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டியிருக்கலாம், எடுக்கும்போதே கேளுங்கள். ஓட்டிக்கொண்டே கைபேசியைப் பார்ப்பது 2024 நவம்பரிலிருந்து கடுமையான குற்றம்: ஆறு மாதம்வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென்வரை அபராதம். குடித்துவிட்டு மிதித்தால் அதைவிட மோசம்.

இன்னும் ஒரு நாள் இருந்தால்

கப்பல், இயந்திரப் பிரியர்களுக்குக் கூரே நகரில் உண்மையான நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நுழைந்து பார்க்கும் இலவச அருங்காட்சியகம் இருக்கிறது. மாஸ்டா கார் தொழிற்சாலையும் வார நாட்களில் முன்பதிவோடு இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறது. பிள்ளைகளுக்கு ததானோஉமி துறையிலிருந்து முயல்கள் நிறைந்த ஒகுனோஷிமா தீவு. 1929 முதல் போர் முடியும்வரை அங்கே விஷவாயு தயாரித்தார்கள் என்பதைச் சொல்லும் சின்ன அருங்காட்சியகத்துக்கும் பெரியவர்கள் போகலாம்.

ஒகாயாமா வழியாகக் கடற்பாலத்தைக் கடந்து தகமத்சுவுக்குப் போனால் உதோன் நூடுல்ஸ் பயிற்சிக்கூடம். மாவைப் பையில் போட்டுப் பாட்டுக்கு ஏற்றபடி காலால் மிதிப்பார்கள். வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஆடித் தீர்த்துவிடலாம். மாவில் கோதுமை, உப்பு, தண்ணீர் தவிர வேறில்லை, குழம்பில்தான் நெத்திலிச் சாறு. கொதோஹிராவிலுள்ள கிளைக்குப் போனால் பக்கத்திலேயே கொன்பிரா ஆலயம், 785 படிகள். முழங்கால்காரர்கள் கீழேயே உதோன் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கட்டும்.

நவோஷிமா தீவின் கலைக்கூடங்கள் வேண்டுமென்றால் உனோ துறையிலிருந்து இருபது நிமிடம். தடாவோ ஆண்டோ மண்ணுக்கடியில் கட்டிய சிச்சு அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்து இணையத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். தீவின் பேருந்துகள் சின்னவை, பத்துப் பேர் ஒரே வண்டியில் ஏற முடியாமல் போகலாம். அதற்கும் இரண்டு அணியாகப் பிரிந்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை பெரும்பாலும் எல்லாம் மூடியிருக்கும்.